ஜலமேற்றும் நிலையங்கள்: கிராமவாசிகள் அறியவேண்டியவை

கிணற்றில் கவலை பூட்டி இறைத்த காலத்தில், குடியானவன் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ளாமல் எருதுகளை ஓட்டியதில்லை. ஜலம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, நிலத்துக்கு எவ்வளவு ஜலம் வேண்டும், எருதுகள் எத்தனை நாழிகை உழைக்கக்கூடும் என்பவையே அம்மூன்று விஷயங்கள். இவற்றுக்குத் தக்கபடி சாலின் அளவையும், எருதுகள் இறங்கும் சரிவின் நீளத்தையும் அவன் நிர்ணயித்துக்கொண்டான். இந்நாளில் எருதின் இடத்தில் மின்சார மோட்டாரும், சாலின் இடத்தில் பம்பும், கயிற்றின் இடத்தில் குழாயும் வந்துவிட்டன. கேள்விகள் மட்டும் மாறவில்லை. எத்தனை உயரம், எத்தனை அளவு, எத்தனை மணி நேரம் என்று முதலில் கேளாமல், எத்தனை குதிரைச் சக்தி என்று கேட்டு அமைக்கப்படும் நிலையம் கிராமத்துக்கு வரவாகாது. தீராத செலவாகவே முடியும்.

இவ்விஷயம் சாமல்பட்டியைப் போன்ற ஊர்களுக்கு மிகவும் முக்கியமானது. ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் இருப்புப்பாதையில், ஊத்தங்கரைக்கு அருகே உள்ள இவ்வூரைச் சுற்றிலும் பாறை நிலம். கிருஷ்ணகிரி, தர்மபுரி ஆகிய இரு ஜில்லாக்களிலும் பல இடங்களில் பாறைக்குள் தங்கும் ஜலத்தில் புளோரைடு என்னும் உப்பு கரைந்து கலந்திருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட புளோரைடு உள்ள ஜலத்தை நெடுங்காலம் பருகினால், பிள்ளைகளின் பற்களில் மாறாத கறை படியும். அளவு இன்னும் மிகுந்தால் எலும்புகளும் மூட்டுகளும் இறுகி, நடுவயதிலேயே முதுகு வளைந்துவிடும். இந்த உப்பு ருசியாலும் நிறத்தாலும் தெரியாது. ஜலத்தைக் காய்ச்சினாலும் நீங்காது. ஆவியாகும் அளவுக்கு மிச்ச ஜலத்தில் அதன் விகிதம் ஏறவே செய்யும். ஆழத் தோண்டினால் நல்ல ஜலம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இங்கு பல இடங்களில் பொய்த்துப்போயிற்று.

இக்குறையை நீக்கவே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் ஏற்பட்டது. ஜப்பானியக் கடனுதவியைக் கொண்டு, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தார் ஏறத்தாழ 1,930 கோடி ரூபாய்ச் செலவில் இதை நிறைவேற்றினர். 2008-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013-ஆம் ஆண்டில் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. காவேரி ஜலம் ஒகேனக்கல்லில் எடுக்கப்பட்டு, யானைப்பள்ளத்தில் சுத்தி செய்யப்பட்டு, மேட்டு நிலத்துக்கு ஏற்றப்பட்டு, இரு ஜில்லாக்களின் நகரங்களுக்கும் கிராமங்களுக்கும் பிரிகிறது. ஆறு தாழ்விலும் ஊர்கள் மேட்டிலும் இருப்பதால் இத்திட்டம் முழுவதும் ஜலமேற்றும் நிலையங்களை நம்பியே நிற்கிறது. நிலையம் நின்றால் குழாய் வறளும். குழாய் வறண்டால், குடத்தை எடுத்த பெண்மணி பழைய ஆழ்துளைக் கிணற்றுக்கே திரும்புவாள். ஆகையால் நிலையம் ஓயாமல் ஓடும்படி அமைப்பது வசதிக்கான காரியமன்று, பிள்ளைகளின் தேக ஆரோக்கியத்தைப் பற்றிய காரியமாகும்.

உயரம்

ஜலம் தானாக இறங்கும், தானாக ஏறாது என்பதை யாவரும் அறிவர். எனவே இடத்தின் உயரத்தை அளப்பதே முதல் வேலை. கோயமுத்தூருக்குச் சிறுவாணி ஜலம் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தன் சரிவாலேயே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக இறங்கி வருகிறது. அவ்விதமான பாக்கியம் எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. ஒகேனக்கல்லில் ஆறு கடல் மட்டத்துக்குமேல் சுமார் 250 மீட்டரில் ஓடுகிறது. ஓசூர் நகரமோ சுமார் 880 மீட்டரில் இருக்கிறது. இடையிலுள்ள வித்தியாசம் 600 மீட்டருக்கு மேல்.

இவ்வளவு உயரத்தையும் ஒரே தள்ளாகத் தள்ள முயன்றால் என்னவாகும்? 10 மீட்டர் உயர ஜலம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோகிராம் அழுத்தம் கொடுக்கும். 600 மீட்டர் உயர ஜலம் அடிக்குழாயில் 60 கிலோகிராம் அழுத்தம் கொடுக்கும். அதைத் தாங்கும் குழாய்க்கு விலை மிகுதி. உடைந்தால் நாசமும் மிகுதி. ஆகையால் வழியில் தொட்டிகள் கட்டி, ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் மறுபடி ஏற்றுவதே வழக்கம். எல்லைக்கு அப்பாலுள்ள பெங்களூர் நகரத்துக்கு 1974-ஆம் ஆண்டு முதல் காவேரி ஜலம் தொரெகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி என்னும் மூன்று நிலையங்களில் படிப்படியாக ஏறி, சுமார் 100 கிலோமீட்டர் தூரமும் 500 மீட்டர் உயரமும் கடந்து வருகிறது. அதற்கும் முன்பு, 1896-ஆம் ஆண்டில் முடிந்த ஹெசரகட்டா திட்டத்தில், சோலதேவனஹள்ளியில் நீராவி யந்திரங்கள் அந்நகருக்கு ஜலம் ஏற்றின. யந்திரங்கள் மாறியபோதிலும் உயரத்தின் கணக்கு மாறவில்லை.

ஏற்றுவதற்கான மின்சாரத்தையும் எளிதில் கணக்கிடலாம். 1,000 லிட்டர் ஜலத்தை 100 மீட்டர் உயர்த்தச் சிறிதும் நஷ்டமின்றி 0.27 யூனிட் செல்லும். பம்பிலும் மோட்டாரிலும் ஏற்படும் நஷ்டங்களைச் சேர்த்தால் ஏறக்குறைய 0.4 யூனிட் ஆகும். மேட்டூருக்கு வரும் குழாயில் ஒழுகும் ஜலம் வெறும் ஜலமன்று. அதை ஏற்றிய மின்சாரமும் அதனுடன் ஒழுகுகிறது.

குழாயின் அகலம்

உயரத்தை மட்டும் கணக்கிட்டால் போதாது. குழாயின் உட்புறத்தில் ஜலம் உராய்ந்து செல்வதால் ஏற்படும் நஷ்டமும் உயரத்தோடு சேர வேண்டும். இது பலருக்குத் தெரியாமையால், குழாய் வாங்கும்போது சிக்கனம் செய்து, பின்பு ஆண்டுதோறும் மின்சாரக் கட்டணமாக அதைப் பன்மடங்கு செலுத்த நேர்கிறது. ஓர் உதாரணத்தால் இதை விளக்கலாம்.

4,000 ஜனங்கள் வசிக்கும் ஒரு கிராமம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வேண்டும். ஆகவே மொத்தத் தேவை 2,20,000 லிட்டர். நாளைக்கு 8 மணி நேரம் பம்பு ஓடினால் வினாடிக்கு 7.6 லிட்டர் ஏற வேண்டும். தரைத்தொட்டியிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு உயரம் 30 மீட்டர், குழாயின் நீளம் 1,500 மீட்டர் என்று கொள்க.

இங்கே 80 மில்லிமீட்டர் குழாய் போட்டால் உராய்வினால் மட்டும் சுமார் 51 மீட்டர் உயரத்துக்குச் சமமான நஷ்டம் ஏற்படும். அதாவது ஏற்ற வேண்டிய உயரத்தைவிட உராய்வே அதிகம். மொத்தம் 81 மீட்டர். இதற்கு 15 குதிரைச் சக்தி மோட்டார் தேவைப்படும். நாளைக்குச் சுமார் 81 யூனிட் செல்லும். குழாயை 100 மில்லிமீட்டராக வைத்தால் உராய்வு சுமார் 17 மீட்டராகக் குறையும். மொத்தம் 47 மீட்டர். 10 குதிரைச் சக்தி மோட்டார் தாராளமாகப் போதும். நாளைக்குச் சுமார் 47 யூனிட் செல்லும். ஆண்டொன்றுக்கு 12,000 யூனிட்டுக்கு மேல் மிச்சம். குழாயின் விலையை ஒருமுறை கொடுத்தால் தீர்ந்தது. உராய்வின் விலையையோ குழாய் மண்ணுக்குள் இருக்கும் காலம் முழுவதும் கொடுத்துவர வேண்டும்.

எனினும் அகலம் கூடக்கூட நல்லது என்றும் எண்ணலாகாது. ஓர் எல்லைக்கு மேல் மின்சார மிச்சம் சிறிதாகி, குழாயின் விலை பெரிதாகும். இரண்டும் சேர்ந்து எங்கே மிகக் குறைவாக வருகிறதோ அந்த அகலமே தக்கது. பெரும்பாலும் ஜலத்தின் வேகம் வினாடிக்கு 1 மீட்டரை ஒட்டி அமையும்போது இந்நிலை கிட்டுகிறது.

குதிரைச் சக்தி மிகுந்த பம்பை வாங்கிவைத்தால் பின்னால் உதவும் என்ற எண்ணமும் தவறானதே. ஒவ்வொரு பம்புக்கும் அது செவ்வையாக உழைக்கும் உயரமும் அளவும் உண்டு. அதை விட்டு விலகி ஓடும் பம்பு மின்சாரத்தை விழுங்கி, அதிர்ந்து, சீக்கிரம் தேயும். ஆழ்துளைக் கிணற்றில் வைத்தால் ஊறுவதற்கு முன் ஜலத்தை வாரிவிட்டு வறட்சியில் ஓடிக் கருகிவிடும்.

நிலையத்தின் அங்கங்கள்

ஜலத்தை உறிஞ்சும் பம்பு உண்மையில் அதை இழுப்பதில்லை. வெளிக்காற்றின் அழுத்தமே ஜலத்தைப் பம்புக்குள் தள்ளுகிறது. கடற்கரையில் அந்த அழுத்தம் சுமார் 10 மீட்டர் உயர ஜலத்தைத் தாங்கும். ஓசூரின் மேட்டில் 9 மீட்டரைச் சிறிது கடக்கும். நஷ்டங்களைக் கழித்தால் 5 அல்லது 6 மீட்டருக்கு மேல் உறிஞ்சும்படி பம்பை வைப்பது அபாயம். வைத்தால் பம்புக்குள் ஜலம் கொதித்ததுபோல் நீராவிக் குமிழிகள் எழுந்து உடைந்து, கூழாங்கல் உருள்வது போன்ற சத்தத்துடன் உள்சக்கரத்தை அரித்துவிடும். ஆகையால் தரைத்தொட்டியின் ஜலமட்டத்துக்குக் கீழே பம்பு நிற்கும்படி அமைப்பதே உத்தமம்.

தரைத்தொட்டியின் கொள்ளளவு இன்னொரு முக்கியமான விஷயம். திட்டத்தின் பெருங்குழாயிலிருந்து ஜலம் வரும் நேரமும், ஊரில் மின்சாரம் இருக்கும் நேரமும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அரை நாள் தேவையையாவது தாங்கும் தொட்டி இருந்தால், ஒன்று தவறினாலும் மற்றொன்று காப்பாற்றும். பம்பு ஒன்று ஓடும்போது மற்றொன்று எந்நேரமும் ஓடத் தயாராக நிற்க வேண்டும். இரண்டையும் முறைவைத்து ஓட்ட வேண்டும். ஓட்டாமல் வைத்த பம்பு, வேண்டிய நாளில் ஓடாது.

மின்சாரம் திடீரென்று நிற்கும்போது குழாயில் ஓடிவந்த ஜலம் சட்டென்று தடைப்பட்டு, சம்மட்டி அடித்தாற்போல் குழாயை மோதும். நீண்ட இரும்புக் குழாயில் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் ஜலம் ஒரேயடியாக நின்றால், ஏறக்குறைய 100 மீட்டர் உயர ஜலத்தின் அழுத்தம் கூடுதலாக எழும். பெரிய நிலையங்களில் இதைத் தாங்கிக்கொள்ளக் காற்றடைத்த கலங்கள் வைக்கப்படுகின்றன. கிராம நிலையத்தில், ஜலம் திரும்பாமல் தடுக்கும் வால்வு, மேடான இடங்களில் காற்று வால்வு, வாயில் வால்வை மெதுவாகத் திறந்து மூடும் பழக்கம் ஆகிய மூன்றும் முக்கியமானவை. அடிக்கடி ஒரே இடத்தில் குழாய் உடைந்தால், குழாய் செய்தவனை நிந்திப்பதற்கு முன் இந்த மூன்றையும் பரிசோதிப்பது நலம்.

கழிவுநீர் நிலையம்

குடிநீர் வந்த ஊரில் கழிவுநீரும் பெருகும். ஓசூர் போன்ற தொழில் நகரங்களில் தாழ்ந்த பகுதிகளின் கழிவுநீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏற்றியாக வேண்டும். இங்கே குடிநீருக்குச் சொன்ன விதி தலைகீழாகும். குடிநீர்த் தொட்டி பெரிதாக இருத்தல் நலம். கழிவுநீர்த் தொட்டி சிறிதாக இருத்தல் நலம். கழிவுநீர் அரை மணி நேரத்துக்குமேல் தேங்கினால் அழுகி, கந்தக வாயு கிளம்பும். அந்த வாயு காங்கிரீட்டையும் அரிக்கும், மனிதனையும் கொல்லும்.

ஆனால் தொட்டி மிகவும் சிறிதானால் பம்பு ஓயாமல் ஓடி நின்று மோட்டார் சூடேறிக் கெடும். வினாடிக்கு 10 லிட்டர் ஏற்றும் பம்பு 10 நிமிஷத்துக்கு ஒருமுறைக்கு மேல் புறப்படலாகாது என்றால், பம்பு புறப்படும் மட்டத்துக்கும் நிற்கும் மட்டத்துக்கும் இடையே 1,500 லிட்டர் கொள்ளும் இடம் வேண்டும். இவ்விரண்டு எல்லைகளுக்கு நடுவில்தான் தொட்டியின் அளவை நிர்ணயிக்க வேண்டும். ஏற்றும் குழாயில் வேகம் வினாடிக்கு 0.6 மீட்டருக்குக் குறைந்தால் மண்டி தங்கி அடைத்துக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, மனிதன் உள்ளே இறங்க வேண்டிய அவசியமே நேராதபடி அமைப்பது. கம்பி வடிகட்டியை மேலிருந்தே துடைக்கவும், பம்பைச் சங்கிலியால் மேலே தூக்கவும் வழி இருக்க வேண்டும். கழிவுநீர்க் குழியில் பாதுகாப்பின்றி ஆளை இறக்கும் அபாயகரமான வேலையை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. வரைபடத்தில் ஒரு சங்கிலிக்கு இடம் விடாமற்போனால், பின்னால் ஓர் உயிர் அதற்கு ஈடாகக்கூடும்.

மழைநீர்

மழைநீரைப் பம்பினால் வெளியேற்ற நினைக்குமுன் அதன் அளவைச் சிந்திக்க வேண்டும். கட்டிடங்களும் பாதைகளும் நிறைந்த 1 ஹெக்டேர் நிலத்தில் மணிக்கு 50 மில்லிமீட்டர் வீதம் மழை பெய்து முழுவதும் ஓடினால், வினாடிக்கு ஏறக்குறைய 139 லிட்டர் ஜலம் சேரும். மேற்சொன்ன 4,000 ஜனங்களுக்கும் குடிநீர் தரும் பம்பைப் போலப் பதினெட்டுப் பம்புகள் இந்த ஒரு ஹெக்டேருக்கே வேண்டியிருக்கும். அவையும் ஆண்டில் சில மணி நேரமே ஓடும். ஆகையால் இருப்புப்பாதைக்கு அடியிற்செல்லும் சுரங்கப்பாதை போன்ற, வேறு வழியற்ற பள்ளங்களுக்கே மழைநீர்ப் பம்பு தகும். சரிவுள்ள கிராமத்தில் வாய்க்கால்களைத் திறந்து வைத்தலும், ஏரிகளையும் அவற்றின் கலிங்குகளையும் செப்பனிட்டு வைத்தலுமே மழைநீருக்கு ஏற்ற பரிகாரம். அவற்றுக்கு மின்சாரம் வேண்டாம்.

2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்து, சாலையில் நின்ற வண்டிகளும் அடித்துச் செல்லப்பட்டன. அத்தகைய மழையை எந்தப் பம்பும் வெல்லாது. ஆனால் அந்த நாளிலும் குடிநீர் நிலையம் பிழைத்திருக்கும்படி செய்ய முடியும். கிராமத்தில் பெரியோர் கண்ட மிக உயர்ந்த வெள்ளத்தின் அடையாளத்தைக் கேட்டறிந்து, அதற்குமேல் மின்சாரப் பலகையையும் மோட்டாரையும் வைக்க வேண்டும். ஆற்றங்கரை நிலையங்களிலும் இதே விதிதான். ஒகேனக்கல்லில் கோடையில் பாறை தெரியும் காவேரி, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் வினாடிக்கு 2 லட்சம் கன அடி அளவுக்குப் பெருகி ஓடியது. ஜலம் எடுக்கும் வாய் கோடையின் தாழ்ந்த மட்டத்துக்குக் கீழும், யந்திரம் வெள்ளத்தின் உயர்ந்த மட்டத்துக்கு மேலும் இருந்தாலன்றி, அத்தகைய ஆற்றில் நிலையம் நிலைக்காது.

கணக்குப் புத்தகம்

நிலையத்தைக் கட்டுபவர் சர்க்காராயினும் வாரியத்தாராயினும், கட்டிய பின் அதனோடு வாழப்போகிறவர்கள் கிராமத்தார்தாம். அவர்கள் கையிலிருக்க வேண்டிய மிகச் சிறந்த கருவி ஒரு கணக்குப் புத்தகம். பம்பு ஓட்டுபவர் நாள்தோறும் மூன்று எண்களை எழுதினால் போதும்: ஓடிய மணி, ஏறிய லிட்டர், செலவான யூனிட். மேற்சொன்ன உதாரணத்தில் 100 மில்லிமீட்டர் குழாயுடன் 1,000 லிட்டருக்கு ஏறக்குறைய 0.21 யூனிட் செல்லும். இந்த எண் மாதந்தோறும் மாறாமல் இருந்தால் நிலையம் சுகமாயிருக்கிறது. 0.25, 0.28 என்று ஏறிக்கொண்டே போனால் உள்சக்கரம் தேய்ந்திருக்கலாம், வால்வு பாதி மூடியிருக்கலாம், குழாய் அடைபட்டிருக்கலாம். பம்பு நின்றுபோவதற்குப் பல மாதங்கள் முன்பே புத்தகம் எச்சரித்துவிடும்.

பம்பும் மோட்டாரும் என்றும் இருப்பவை அல்ல. அவற்றை மாற்றும் நாளுக்காக மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தேய்மான நிதியாக ஒதுக்கி வைக்காத கிராமத்தில், மோட்டார் எரிந்த நாள் முதல் பணம் திரளும் நாள் வரையில் ஜனங்கள் ஆழ்துளைக் கிணற்று ஜலத்தையே குடிக்க வேண்டிவரும். பெரியவர்கள் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நிலைப்பற்கள் உருவாகும் பருவத்துக் குழந்தையின் பல்லில் அந்த மாதங்கள் எழுதிவிட்டுப் போகும் கறையை எந்த நிதியாலும் பின்னர் அழிக்க முடியாது.

ஆகையால் நிலையம் அமைப்பதற்கு முன் கிராம சபையார் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. உயரம் அளக்கப்பட்டதா? குழாயின் அகலம் மின்சாரச் செலவோடு ஒப்பிட்டு முடிவு செய்யப்பட்டதா? இரண்டாவது பம்பு உண்டா? தொட்டி அரை நாள் தாங்குமா? வெள்ள மட்டத்துக்கு மேல் பலகை இருக்கிறதா? இவற்றைக் கேட்பதற்குப் பொறியியல் படிப்பு வேண்டுவதில்லை. கவலை ஓட்டிய பாட்டனார் தம் கிணற்றடியில் நின்று கேட்ட கேள்விகளே இவை.